எமிலி பிராண்ட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாவல், 200 கவிதைகள் அளவுக்கு, பிரெஞ்சு வகுப்புக்கு எழுதிய சில கட்டுரைகள், மூன்றே சின்னக் கடிதங்கள், நான்கு நாட்குறிப்புத் தாள்கள். எமிலி பிராண்ட்டியின் கையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை அடுக்கினால் ஒரு அலமாரி போதாது. 'வதரிங் ஹைட்ஸ்' படித்து முடித்தவர்கள், பாதியில் மூடி வைத்தவர்கள், சினிமாவாக மட்டும் பார்த்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1818 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், தார்ன்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பேட்ரிக், அயர்லாந்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை போய்ப் படித்துப் பாதிரியார் ஆனவர். அம்மா மரியா, கார்ன்வாலைச் சேர்ந்தவர். ஆறு பிள்ளைகளில் எமிலி ஐந்தாவது. 1820இல் குடும்பம் ஹாவொர்த் என்ற மலையோர ஊருக்குக் குடிபோனது. அடுத்த ஆண்டே அம்மா இறந்துவிட, பெரியம்மா எலிசபெத் பிரான்வெல் வந்து பிள்ளைகளை வளர்த்தார். 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் எமிலியின் அக்கா. 'ஆக்னஸ் கிரே' எழுதிய ஆன் தங்கை. இருவருக்கும் நடுவே பிரான்வெல் என்று ஓர் அண்ணன். எமிலி 1848 டிசம்பர் 19 அன்று காசநோயில் இறந்தபோது வயது 30.

ஊரோடு ஒட்டாமல், யாரையும் பார்க்காமல் வாழ்ந்தார் என்பது உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி அக்கா சார்லட்டின் கைவண்ணம்.

எமிலி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1850இல், சார்லட் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதற்கு எழுதிய முன்னுரையில்தான் இந்தப் படம் முதலில் வரையப்பட்டது. தேவாலயத்துக்குப் போக, குன்றுகளில் நடக்க, இந்த இரண்டுக்கும் தவிர என் தங்கை வாசற்படி தாண்டியது அரிது என்கிறார் சார்லட். கன்னிமடத்து வாசலைக் கடந்து போகும் கிராமத்தாரைப் பற்றி ஒரு கன்னியாஸ்திரிக்கு என்ன தெரியுமோ, அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றி எமிலிக்கும் அவ்வளவுதான் நேரடியாகத் தெரியும் என்றும் எழுதுகிறார். ஆனால் அங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார்: அவர்களுடைய பேச்சு, பழக்கவழக்கம், குடும்பக் கதைகள் அத்தனையும் எமிலிக்குத் துல்லியமாகத் தெரியும், அவர்களோடு பேசமாட்டார், அவ்வளவுதான்.

சார்லட் ஏன் அப்படி எழுதினார் என்று புரிந்துகொள்ள முடிகிறது. நாவல் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று பலர் குறை சொல்லியிருந்தார்கள். 'உலகம் தெரியாத பெண், என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிவிட்டாள்' என்று சொன்னால் இறந்துபோன தங்கையின் பெயர் காப்பாற்றப்படும். அந்தப் பாசம்தான் எமிலியை மலைமேல் திரியும் மர்மப் பெண்ணாக ஆக்கிவிட்டது.

அந்த மர்மப் பெண் வீட்டில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பெரியம்மா 1842இல் இறந்தபோது சகோதரிகளுக்கு ஆளுக்குச் சுமார் 300 பவுண்டு விட்டுப்போனார். அதை ரயில்வே பங்குகளில் போட்டார்கள். அந்தப் பங்குகளைப் பார்த்துக்கொண்டவர் எமிலி. பத்திரிகையில் ரயில்வே பற்றி வரும் ஒவ்வொரு பத்தியையும் ஒவ்வொரு விளம்பரத்தையும் விடாமல் படித்து எமிலி விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள் என்று 1845இல் தன் பழைய ஆசிரியைக்கு எழுதிய கடிதத்தில் சார்லட் சொல்கிறார். இதே சார்லட்தான்! (பங்குகளை விற்றுவிடலாம் என்பது சார்லட்டின் கட்சி. எமிலி கேட்கவில்லை. பின்னால் ரயில்வே பங்குகள் சரிந்தபோது அக்கா சொன்னதே சரி என்று ஆனது. மேதைகளுக்கும் பங்குச் சந்தை கைகொடுப்பதில்லை.)

ஆக, புதியவர்களிடம் பேசமாட்டார், விருந்தாளி வந்தால் முகம் காட்டமாட்டார் என்பதெல்லாம் சரி. ஆனால் உலகம் தெரியாதவர் என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எமிலிக்கு வீடுதான் பிடித்திருந்தது. எழுதும் இடமும் அதுதான்.

வீட்டில் அவர் நாள் எப்படிப் போகும்?

இதற்கு எமிலியே பதில் எழுதி வைத்திருக்கிறார். எமிலியும் ஆனும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு துண்டுத்தாளில் 'இந்த நிமிடம் வீட்டில் என்ன நடக்கிறது' என்று பொடி எழுத்தில் எழுதி, மடித்து, சின்னத் தகரப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். சில வருடம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் தாள் 1834 நவம்பர் 24 தேதியிட்டது. எமிலிக்கு 16 வயது. எழுத்துப்பிழை மலிந்த, புள்ளி கமா எதுவும் இல்லாத தாள் அது. வளர்ப்புப் பறவைகளுக்குத் தீனி போட்டாயிற்று. ஆப்பிள் புட்டிங்குக்கு ஆப்பிள் சீவிக்கொண்டிருக்கிறார்கள். மதியத்துக்கு வேகவைத்த மாட்டிறைச்சி, டர்னிப், உருளைக்கிழங்கு. சமையலறை அலங்கோலமாகக் கிடக்கிறது. படுக்கையைச் சரிசெய்யவில்லை, பாடம் படிக்கவில்லை, ஆனால் வெளியே விளையாடப் போகவேண்டும். வேலைக்காரப் பாட்டி டாபியின் முகத்துக்கு நேரே எமிலி பேனாவை நீட்ட, பாட்டி யார்க்‌ஷயர் கொச்சையில் கத்துகிறார்: உருளைக்கிழங்கு உரிக்கிறதை விட்டுட்டு அங்க என்ன வெட்டியா நோண்டிக்கிட்டு இருக்கே? 'ஐயோ ஐயோ ஐயோ, இதோ வந்துட்டேன்' என்று எழுந்துபோய்க் கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்ததாக எழுதி வைத்திருக்கிறார் எமிலி.

இந்தத் தாளில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'கோண்டல் மக்கள் கால்டைன் தீவின் உட்பகுதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் சாலி மோஸ்லி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்' என்று ஒரே மூச்சில் வருகிறது. முதல் பாதி கற்பனை நாடு, இரண்டாவது பாதி துணி துவைக்க வந்த பெண். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. எமிலி என்ற எழுத்தாளரை எனக்குப் புரியவைத்த வரி இதுதான்.

டாபிக்குக் கால் முறிந்து வயதும் ஆனபிறகு அடுப்படி வேலையில் பெரும்பகுதி எமிலியின் தலையில் விழுந்தது. ரொட்டி மாவு பிசையும்போது எதிரே ஒரு ஜெர்மன் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிப்பாராம். பியானோ நன்றாக வாசிப்பார். கீப்பர் என்ற முரட்டு நாயை அவர் ஒருவரால்தான் அடக்க முடியும். கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த அப்பா இவருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார். 27ஆவது பிறந்தநாளையொட்டி எழுதிய 1845 தாளில், எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார். இஸ்திரி போடப் போகவேண்டும், கை நிறைய வேலை இருக்கிறது, எழுத்து வேலையும் இருக்கிறது என்று அவசரமாக முடிக்கிறார்.

எழுத்து வேலைக்குச் சாட்சி ஊர்க் கடைக்காரர். பாதிரியார் வீட்டுப் பெண்கள் அத்தனை காகிதம் வாங்குவார்களாம். அவர்கள் வரும்போது கையில் சரக்கு இல்லாமல் போய்விடக்கூடாது என்று, அரை ரீம் காகிதத்துக்காக 10 மைல் தள்ளியிருக்கும் ஹாலிஃபாக்ஸ் வரை நடந்தே போய் வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார்.

வெளியூர் போனதே இல்லையா?

போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிட்டார்.

ஆறு வயதில் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த பாதிரியார் மகள்களுக்கான விடுதிப் பள்ளி. அங்கே நோய் கண்ட மூத்த அக்காக்கள் மரியா, எலிசபெத் இருவரும் 1825இல் சில வாரங்கள் இடைவெளியில் இறந்தார்கள். வயது 11, 10. அங்கேயே படித்துக்கொண்டிருந்த சார்லட்டையும் எமிலியையும் அப்பா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

1835இல் ரோ ஹெட் பள்ளி. மூன்று மாதம் தாங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் வீட்டு நினைப்பு வந்து அடைத்துக்கொள்ளும், இளைத்துக்கொண்டே போனாள், வீட்டுக்கு அனுப்பாவிட்டால் செத்துவிடுவாள் என்று பயந்தேன் என்கிறார் அங்கே ஆசிரியையாக இருந்த சார்லட்.

1838இல் ஹாலிஃபாக்ஸ் அருகே லா ஹில் என்ற பள்ளியில் ஆசிரியை வேலை. காலை 6 மணி முதல் இரவு 11 வரை வேலை, நடுவில் அரைமணிநேரம் ஓய்வு. 'இது அடிமைத்தனம்' என்று சார்லட் கடிதத்தில் கொதிக்கிறார். ஆறு மாதம் போல இருந்தார். உங்களையெல்லாம்விட இந்த வீட்டு நாயைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளிடமே சொன்னாராம்.

1842இல் பிரஸ்ஸல்ஸ். சொந்தமாகப் பள்ளி தொடங்க பிரெஞ்சு வேண்டும் என்று சார்லட் இழுத்துக்கொண்டு போனார். எமிலி அங்கேயும் பழைய காலத்துப் புடைத்த கை வைத்த உடையைத்தான் போட்டுக்கொண்டார். மற்ற பெண்கள் சிரித்தபோது, கடவுள் படைத்தபடியே இருக்க விரும்புகிறேன் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். சின்னப் பெண்களுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கும் வேலை வந்தது. தன் படிப்பு நேரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவர்களுடைய விளையாட்டு நேரத்தில் பாடம் வைத்தார். குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். பழகக் கஷ்டமான ஆள்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆசிரியர் எழே மட்டும் இவருடைய தர்க்க அறிவைக் கண்டு அசந்துபோனார். இவள் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும், பெரிய கடலோடி ஆகியிருப்பாள் என்றார்.

அந்த அக்டோபரில் பெரியம்மா இறந்தார். எமிலி வீடு திரும்பினார். அதற்குப் பிறகு நீண்டகாலம் எங்கும் போய்த் தங்கவில்லை.

கோண்டல் என்று மேலே வருகிறதே, அது என்ன?

1826இல் அப்பா பிரான்வெலுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கிவந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்த விளையாட்டிலிருந்து முழு நாடுகளே பிறந்தன. பின்னர் சார்லட்டும் பிரான்வெலும் ஆங்ரியா என்ற நாட்டைக் கட்டி ஆள, எமிலியும் ஆனும் பிரிந்துபோய் கோண்டலை உருவாக்கினார்கள். வட பசிபிக்கில் ஒரு பெரிய தீவு. அரசிகள், துரோகங்கள், சிறைகள், உள்நாட்டுப் போர்.

மற்றவர்கள் வளர்ந்ததும் விட்டுவிட்டார்கள். எமிலி விடவில்லை. 1845 ஜூன் கடைசியில் எமிலியும் ஆனும் மட்டும் யார்க் நகருக்கு ஒரு சின்னப் பயணம் போனார்கள். ஒருவருக்கு 26 வயது, இன்னொருவருக்கு 25. பயணத்தில் அவர்கள் எமிலியாகவும் ஆனாகவும் இருக்கவில்லை. அரண்மனைகளிலிருந்து தப்பியோடி அரச படையில் சேரப் போகும் கோண்டல் கதாபாத்திரங்களாக நடித்துக்கொண்டே போனார்கள். அதே பயணத்தைப் பற்றி ஆன் எழுதிய தாளில் கோண்டல் விளையாட்டில் அவ்வளவு சுரத்து இல்லை என்று தெரிகிறது. தங்கைக்கு அலுத்துவிட்டது. அக்காவுக்குத் தெரியவில்லை.

கோண்டலின் உரைநடைக் கதைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கவிதைகள் மட்டும் இருக்கின்றன. அதனால் எமிலி கவிதையில் 'நான்' என்று வரும்போதெல்லாம் அது எமிலிதான் என்று நம்பிவிடாதீர்கள். பாதி நேரம் பேசுவது கோண்டலின் ஏதோ ஒரு அரசி.

கவிதைகளை அக்கா திருட்டுத்தனமாகப் படித்தாராமே?

'தற்செயலாகக் கண்ணில் பட்டது' என்கிறார் சார்லட். நீங்கள் நம்பினால் சரி.

1844 பிப்ரவரியில் எமிலி தன் கவிதைகளை இரண்டு நோட்டுகளில் பிரித்துப் படியெடுக்கத் தொடங்கியிருந்தார். ஒன்று கோண்டல் கவிதைகள், மற்றொன்று மற்றவை. 1845 இலையுதிர்காலத்தில் ஒரு நோட்டு சார்லட் கையில் கிடைத்தது. படித்தவுடன் இது சாதாரணமாகப் பெண்கள் எழுதும் கவிதை இல்லை என்று தெரிந்துவிட்டது. எமிலிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சமாதானப்படுத்தப் பல மணிநேரம், அச்சிடச் சம்மதிக்கவைக்கப் பல நாள் ஆனது என்று சார்லட்டே எழுதியிருக்கிறார். நடுவில் ஆன் சத்தமில்லாமல் தன் கவிதைகளையும் கொண்டுவந்து வைத்தார்.

1846 மே மாதம் மூவரின் கவிதைகளும் ஒரே புத்தகமாக வந்தன. அச்சுச் செலவு 30 பவுண்டுக்கு மேல், சொந்தக் காசு. விற்றது இரண்டு பிரதி. இருநூறு இல்லை, இரண்டு.

ஒரு எச்சரிக்கை. 1850இல் சார்லட் வெளியிட்ட எமிலி கவிதைகளில் அவரே சொற்களை மாற்றியிருக்கிறார், தலைப்பு வைத்திருக்கிறார், சில இடங்களில் வரிகளையே சேர்த்திருக்கிறார். 'கோழை நெஞ்சம் எனதில்லை' என்று தொடங்கும் புகழ்பெற்ற கவிதையைத் தங்கையின் கடைசி வரிகள் என்றார். கையெழுத்துப் பிரதியில் 1846 ஜனவரி 2 என்று தேதி இருக்கிறது. படிப்பதானால் மூலப்பிரதியை ஒட்டிய பதிப்பாகத் தேடிப் படியுங்கள்.

ஏன் ஆண் பெயரில் எழுதினார்கள்?

கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல். முறையே சார்லட், எமிலி, ஆன். மூன்றிலும் அவரவர் ஆங்கில முதலெழுத்து (C, E, A) அப்படியே இருக்கிறது. பெண் எழுத்து என்றால் விமர்சகர்கள் ஒன்று தட்டிக்கொடுப்பார்கள், இல்லை தட்டிவைப்பார்கள், இரண்டும் வேண்டாம் என்று நினைத்தார்கள். எமிலிக்கு அதற்கு மேலும் ஒரு காரணம்: தான் யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. 1848 ஜூலையில், மூன்று பெல்களும் ஒரே ஆள்தான் என்ற வதந்தியை முறியடிக்க சார்லட்டும் ஆனும் இரவு ரயிலேறி லண்டன் போனார்கள். எமிலி போகவில்லை. அங்கே சார்லட் வாய் தவறி 'நாங்கள் மூன்று சகோதரிகள்' என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெரிய பூகம்பம். இனி கடிதத்தில் என் தங்கைகளைப் பற்றி எழுதாதீர்கள், எல்லிஸ் பெல் புனைபெயரைத் தவிர வேறெப்படிக் குறிப்பிட்டாலும் பொறுக்கமாட்டார் என்று பதிப்பகத்தாருக்கு சார்லட் கெஞ்சி எழுதவேண்டி வந்தது.

'வதரிங் ஹைட்ஸ்' காதல் கதைதானே?

அப்படித்தான் அட்டையில் போடுவார்கள். நான் அதை ஒரு சொத்துத் தகராறின் கதை என்றுதான் சொல்வேன். காதல் அதற்குள் எரிகிறது.

லிவர்பூல் தெருவில் அநாதையாகக் கிடந்த சிறுவனை எர்ன்ஷா என்ற பண்ணைக்காரர் வீட்டுக்குத் தூக்கிவருகிறார். பெயர் ஹீத்கிளிஃப். அவருடைய மகள் கேத்தரினுக்கு இவன்தான் உயிர். மகன் ஹிண்ட்லிக்கு இவனைக் கண்டாலே ஆகாது. அப்பா போனபிறகு ஹிண்ட்லி இவனைப் பண்ணையாள் ஆக்குகிறான். கேத்தரின் பக்கத்துப் பெரிய வீட்டு எட்கர் லிண்டனைக் கட்டிக்கொள்கிறாள். ஓடிப்போன ஹீத்கிளிஃப் பணத்தோடு திரும்பி வந்து இரண்டு குடும்பத்தையும் வேரோடு பிடுங்கப் பார்க்கிறான்.

எப்படிப் பிடுங்குகிறான் என்பதைக் கவனியுங்கள். ஹிண்ட்லியைச் சூதாடவிட்டு, கடன்கொடுத்து, நிலத்தை அடமானமாக எழுதி வாங்குகிறான். எட்கரின் தங்கையைக் கல்யாணம் செய்கிறான். பின்னர் தன் சாகக்கிடக்கும் மகனுக்கு எட்கரின் மகளைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்து, அந்த வழியாக அடுத்த சொத்தையும் வளைக்கிறான். 1926இல் சாங்கர் என்ற வழக்கறிஞர் உட்கார்ந்து இதையெல்லாம் ஆராய்ந்தார். இரண்டு குடும்பத்து வம்சாவளியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறது, தேதிகள் கணக்காகப் பொருந்துகின்றன, அந்தக் காலத்துச் சொத்துரிமைச் சட்டம் எமிலிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று காட்டினார். 'என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிய' பெண்ணின் நாவல் இது!

34 அத்தியாயங்களில் கேத்தரின் 16ஆவது அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள். சினிமாக்காரர்கள் பெரும்பாலும் அங்கேயோ அதை ஒட்டியோ கடையைக் கட்டிவிடுவார்கள். ஆனால் நாவலின் கணக்கு தீர்வது அடுத்த தலைமுறையில்தான்.

தலைப்பில் உள்ள 'வதரிங்' யார்க்‌ஷயர் பேச்சுவழக்குச் சொல். புயல்காற்று மோதும் இரைச்சலைக் குறிக்கும்.

வாசற்படி தாண்டாதவருக்கு இத்தனை வன்மம் எங்கிருந்து கிடைத்தது?

லா ஹில் பள்ளியில் இருந்த ஆறு மாதத்தை மறந்துவிடாதீர்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் ஜாக் ஷார்ப் என்பவர். மாமா எடுத்து வளர்த்த பையன். வளர்த்த குடும்பத்தின் சொத்தையே தன் கைக்குள் கொண்டுவந்து, உரிய வாரிசு திரும்பிவந்து கேட்டபோது பழிதீர்த்துக்கொண்டு வெளியேறியவர். ஊரே பேசிய கதை. ஆசிரியை எமிலி காதில் விழாமல் இருந்திருக்காது. ஹாவொர்த் பக்கத்தில் பான்டென் ஹால் என்ற பழைய வீட்டின் வாசலுக்கு மேல் 1801 என்று பொறித்திருக்கிறது. நாவலின் முதல் சொல்லே '1801'தான்.

இதோடு டாபி சொன்ன கிராமத்துக் கதைகள், அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்ன அயர்லாந்துக் கதைகள். அப்புறம் பிரான்வெல். வேலை பறிபோய், ஒரு வீட்டு எஜமானியின் மீது வைத்த காதல் முறிந்து, குடியிலும் அபினிலும் ஒரு மனிதன் எப்படிச் சிதைவான் என்பதை எமிலி நாவல் எழுதிய காலத்தில் அடுத்த அறையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹீத்கிளிஃப் இந்தியன் என்கிறார்களே?

நாவல் சொல்வதில்லை. ஆனால் கேட்க இடம் கொடுக்கிறது. கறுத்த நிறமுள்ள அந்தச் சிறுவனை முதலில் பார்க்கும் லிண்டன் பெரியவர், இவன் ஒரு 'லாஸ்கர்' ஆக இருப்பான், இல்லை அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ ஒதுங்கியவனாக இருப்பான் என்கிறார். லாஸ்கர் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலைபார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளைக் குறிக்கும் சொல். இன்னோரிடத்தில் வேலைக்காரி நெல்லி, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியோ, அம்மா இந்திய ராணியோ, யார் கண்டது என்று அவனைத் தேற்றுகிறாள். அடிமை வணிகத்தில் கொழுத்த லிவர்பூல் துறைமுகத்தை எமிலி தேர்ந்தெடுத்ததால் அவன் ஆப்பிரிக்க வம்சமாக இருக்கலாம் என்பவர்களும், அயர்லாந்துப் பிள்ளை என்பவர்களும் உண்டு. எமிலி வேண்டுமென்றேதான் முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருக்கிறார் என்று படுகிறது. அவன் எங்கிருந்து வந்தான் என்பது முக்கியமில்லை. வந்தவனை அந்த வீடு எப்படி நடத்தியது என்பதுதான் கதை.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி?

1847 டிசம்பரில் நியூபி என்ற பதிப்பாளர் வெளியிட்டார். ஆனின் 'ஆக்னஸ் கிரே' மூன்றாம் பாகமாகக் கூடவே வந்தது. இதற்கும் சகோதரிகள் முன்பணமாக 50 பவுண்டு கட்டியிருந்தார்கள். ப்ரூஃபில் திருத்திக் கொடுத்த பிழைகள் அப்படியே அச்சில் வந்திருந்தன.

விமர்சகர்கள் குழம்பிப்போனார்கள். வலு இருக்கிறது, ஆனால் இது என்ன கொடூரம் என்கிற தொனி. மொத்தமாகத் தூற்றினார்கள் என்று சொல்வது மிகை. அந்த விமர்சனங்களில் ஐந்தை எமிலி பத்திரிகையிலிருந்து வெட்டித் தன் எழுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். உலகம் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று இருந்தவர் அப்படிச் செய்வாரா?

1848 நவம்பரில் ஒரு காட்சி. எமிலிக்கு மூச்சு வாங்குகிறது, சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். அமெரிக்க இதழ் ஒன்றில் வந்த விமர்சனத்தை சார்லட் உரக்கப் படிக்கிறார். எல்லிஸ் பெல் அபாரத் திறமை உள்ள ஆண், ஆனால் பிடிவாதக்காரன், முரடன், சிடுமூஞ்சி என்று அதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எமிலி பாதி வேடிக்கையாகவும் பாதி ஏளனமாகவும் புன்னகைத்தாராம். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

டாக்டரைப் பார்க்க மறுத்தது ஏன்?

1848 செப்டம்பர் 24 அன்று பிரான்வெல் இறந்தார். அந்தச் சமயத்தில் பிடித்த சளி எமிலியை விடவில்லை. விஷம் கொடுக்கும் டாக்டர் எவனும் என் பக்கத்தில் வரக்கூடாது என்றுவிட்டார். மருந்தும் தொடவில்லை, எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதிலும் இல்லை. கடைசி நாள் காலையிலும் தானே எழுந்து உடை மாற்றிக் கீழே வந்து தையலை எடுத்தார். மதியம் நெருங்கும்போது, டாக்டரைக் கூப்பிடுவதானால் இப்போது பார்க்கிறேன் என்றார். இரண்டு மணிவாக்கில் போய்விட்டார்.

இதைத் தற்கொலை என்று சொல்பவர்களும் வீரம் என்று சொல்பவர்களும் உண்டு. அன்றைய மருத்துவத்தில் காசநோய்க்குச் சிகிச்சை கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஊரின் நிலையும் அப்படி. 1850இல் வந்த அரசு ஆய்வறிக்கைப்படி ஹாவொர்த்தில் இறப்பவர்களின் சராசரி வயது 25.8. நூற்றுக்கு 41 குழந்தைகள் ஆறு வயதைத் தாண்டவில்லை. கல்லறைத் தோட்டம் பாதிரியார் வீட்டு வாசலிலேயே இருந்தது, குடிநீரும் சுத்தமில்லை.

தச்சர் செய்த சவப்பெட்டியின் அகலம் 16 அங்குலம். இறுதி ஊர்வலத்தில் அப்பாவோடு நாய் கீப்பரும் நடந்தது. பிறகு பல நாள் எமிலியின் அறை வாசலில் கிடந்து ஊளையிட்டது.

இரண்டாவது நாவல் எழுதினாரா? சார்லட் எரித்துவிட்டாரா?

எமிலியின் எழுத்துப் பெட்டியில் நியூபி எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. தேதி 1848 பிப்ரவரி 15. உங்கள் அடுத்த நாவலை வெளியிடுவதில் மகிழ்ச்சி, அவசரப்படாமல் முடியுங்கள் என்கிறது. 'அன்புள்ள ஐயா' என்றுதான் விளித்திருக்கிறார், ஆனால் எல்லிஸ் பெல் பெயரிட்ட உறை கூடவே இருந்தது. ஆகவே ஏதோ தொடங்கியிருக்கலாம். ஒரு தாளும் கிடைக்கவில்லை. சார்லட் எரித்தார் என்பதற்குச் சான்றும் இல்லை. தங்கையின் கவிதையில் கைவைத்தவர் ஆயிற்றே என்பதால் பழி அவர்மேல் விழுகிறது.

நாவலை எழுதியது பிரான்வெல் என்று படித்தேனே?

அவருடைய நண்பர்கள் சிலர் கிளப்பிவிட்டது. ஒரு பெண் இப்படி எழுதமுடியாது என்ற நினைப்புதான் அதற்கு அடிப்படை. ஆதாரம் கிடையாது.

எமிலியின் முகம் எப்படி இருக்கும்?

பிரான்வெல் 1834 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றில் மூன்று சகோதரிகளும் இருக்கிறார்கள். நடுவில் தன்னையும் வரைந்து, பிறகு அழித்து அந்த இடத்தில் ஒரு தூண் வைத்துவிட்டார். சார்லட்டின் கணவருடைய வீட்டில், அலமாரி மேல் நாலாக மடித்துக் கிடந்த அந்தப் படம் 1914இல்தான் வெளியே வந்தது. இப்போது லண்டன் தேசிய உருவப்பட காட்சியகத்தில் இருக்கிறது. மடிப்புக் கோடுகள் இன்றும் தெரியும். காலம் போகப் போக அழித்த பிரான்வெலின் உருவமும் தூணுக்குள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஹாவொர்த் போனால் என்ன பார்க்கலாம்?

அவர்கள் வாழ்ந்த வீடு 1928 முதல் அருங்காட்சியகம். எமிலியின் எழுத்துப் பெட்டி, கீப்பரின் பித்தளைக் கழுத்துப்பட்டை எல்லாம் அங்கே உண்டு. அங்கிருந்து ஹெதர் புதர் மண்டிய மேட்டுவெளியில் நடந்தால் டாப் விதென்ஸ் என்ற இடிந்த பண்ணைவீடு வரும். நாவலில் வரும் வீடு அதுதான் என்று கூட்டம் போகிறது. சுவரில் பதித்த பலகையோ, இந்தக் கட்டடம் முழுதாக இருந்தபோதும் நாவலில் வரும் வீட்டைப் போல இருந்ததில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. இடம் வேண்டுமானால் எமிலி மனதில் இருந்திருக்கலாம்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1939இல் வைத்த நினைவுக் கல்லில், பிராண்ட்டி (Brontë) என்ற பெயரின் கடைசி ஆங்கில எழுத்துக்கு மேல் வரவேண்டிய இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டார்கள். அவற்றைச் செதுக்கிச் சேர்த்தது 2024இல்.

முதல்முறை படிக்கிறேன். எங்கே தொடங்குவது?

நான் முதல்முறை எடுத்தபோது மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன். யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. கேத்தரின் இரண்டு பேர். லிண்டன் என்பது ஒரு குடும்பப் பெயர், ஒரு பையனின் பெயரும் அதுவே. எர்ன்ஷா வீட்டில் ஒரு ஹேர்ட்டன், லிண்டன் பையனின் அப்பா ஹீத்கிளிஃப். இரண்டாவது முறை ஒரு வெள்ளைத்தாளில் வம்சாவளியை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன், வண்டி ஓடிவிட்டது.

ஜோசஃப் என்ற கிழட்டு வேலைக்காரன் பேசும் யார்க்‌ஷயர் கொச்சை புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், பெரும்பாலும் திட்டிக்கொண்டுதான் இருப்பான். கதை சொல்லும் லாக்வுட் ஒரு அசடு, அவன் கணிப்பை நம்பவேண்டாம். நெல்லி சொல்வதையும் முழுக்க நம்பவேண்டாம். பல விபரீதங்களுக்கு அவளும் ஒரு கை கொடுத்திருக்கிறாள், அதைக் கதைக்கு நடுவே பூசி மெழுகிவிடுவாள். சார்லட்டின் முன்னுரையை மட்டும் நாவலை முடித்தபிறகு படியுங்கள்.